வாப்பாவின் பெயரில் ஒரு பங்கர்

எங்கள் வீட்டு முன் மண்டபத்தில், கஃபத்துல்லாவின் படத்துக்கு இரண்டடி தள்ளி, ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. உள்ளே இருப்பது ஒரு சிறிய அட்டை. இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துரைமார் தங்கள் கோல்ப் திடலுக்காக 1930இல் அச்சடித்தது. எத்தனை அடியில் ஆடி முடித்தோம் என்று ஆட்டக்காரர் எழுதிக்கொள்ளும் அட்டை. திடலில் ஒன்பது துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பெயர். ஏழாவது துளையின் பெயர் என் வாப்பாவின் பெயர்: கலந்தர்.

மாத்தளையில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர்கள் பலர். ஏலமும் மிளகும் கொழும்புக்கு ஏற்றி அனுப்பியவர்கள் பலர். வெள்ளைக்காரன் தன் விளையாட்டுத் திடலில் பெயர் வைத்த மனிதர் ஒருவர்தான். இதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களைத் தேநீர் வருவதற்கு முன்னால் அந்தச் சட்டத்துக்கு எதிரே உட்கார வைப்போம், அவ்வளவுதான்.

என் மகனுக்குக் கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் சாலிஹின் மகளைப் பேசியபோது, சாலிஹ் அதன் முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றார். அவர் குடும்பத்தில் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் நான்கு பேர். அன்று அந்த நான்கு பேரும் அவருக்குப் போதவில்லை.

அதே அட்டையில் ஆறாவது துளையின் பெயர் பலாமரம். எட்டாவதின் பெயர் மாட்டுப்பட்டி. இரண்டுக்கும் நடுவில் வாப்பா. அந்த வரிசையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. வாப்பா சுதுகங்கையிலிருந்து அந்தத் திடலுக்குப் பன்னிரண்டு வண்டி மணல் அனுப்பினார் என்பதும், மறு வருடம் பெரிய துரை அவர் தோளில் தட்டி, 'உன் பெயரை வைத்துவிட்டேன்' என்று சொல்லி அட்டையைக் கையில் கொடுத்தார் என்பதும், வாப்பா அதைத் தொப்பிக்குள் வைத்து வீடு வரைக்கும் நடந்தே வந்தார் என்பதும் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

1961இல் கிளப்பிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மனிதர்கள்தான் என்ற செய்தி, சுதந்திரம் கிடைத்துப் பதின்மூன்று வருடம் கழித்து, அந்த கிளப்பை எட்டியிருந்தது. நகரத்துக் கண்ணியவான்கள் அங்கத்தவராகச் சேர்ந்தால் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். நான் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது அறுபது.

பந்தை அடிக்கப் பழக்க எனக்கு ஒதுக்கப்பட்டவன் செல்லையா. தோட்டத்து ஆள், ஐம்பது வயதுக்காரன். துரைமாரின் பைகளை முப்பது வருடம் சுமந்தவன். அவர்கள் யாரும் ஆடியதைவிட நன்றாக ஆடுவான். ஆடக் கூடாது என்பது மட்டும்தான் கிளப்பின் விதி.

மூன்று மாதம், முதல் மூன்று துளைகளுக்குள்ளேயே பழகினேன். அதற்கு அப்பால் போன முதல் நாள், ஏழாவது துளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது, சரிவுக்குக் கீழே யாரோ உரக்கப் பேசுவது கேட்டது.

"நாசமாப் போன கலந்தர். மறுபடியும் இதுக்குள்ளயே விழுந்துட்டேன் ஐசே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று.

"யாரச் செல்றாங்க?" என்று செல்லையாவிடம் கேட்டேன்.

"ஆள இல்லீங்க முதலாளி. அந்தா தெரியுது பாருங்க, அந்தப் பங்கர."

"பங்கருக்கா அந்தப் பேரு?"

"மொதல்ல பங்கருக்கு வச்சாங்க, அப்புறம் அந்தத் துளைக்கே அதான் பேராப் போச்சு. அந்தக் காலத்துல யாரோ ஒரு வண்டிக்காரன் மணல் போட்டானாம். மொத மழையிலயே மணல் ஓடிப்போச்சு, கல்லுதான் மிச்சம். பெரிய தொர பந்து அதுக்குள்ள மாட்டி, ஒம்பது அடி அடிச்சும் வெளிய வரல. அன்னைக்கே கோவத்துல வண்டிக்காரன் பேர வச்சுட்டாரு." என் முகத்தைப் பார்த்தான். "ஏன், முதலாளிக்குத் தெரிஞ்ச ஆளுங்களா?"

"எங்கட வாப்பா."

செல்லையா பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். "நல்ல மணலாத்தான் போட்டிருப்பாருங்க," என்றான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். கோல்ப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பங்கர் என்பது, துளையில் நட்ட கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், பந்து வழி தவறினால் தண்டிப்பதற்காகத் தோண்டி மணல் நிரப்பி வைக்கும் குழி. இதில் மணலைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. அடித்தளம் சுட்ட செங்கல் போல இறுகிய களிமண். முட்டை அளவிலும் தேங்காய் அளவிலும் கற்கள். ஒரு மூலையில் மானாப்புல் வேர்விட்டிருந்தது. எருமைக் குளம்புத் தடங்கள் மழையில் பதிந்து வெயிலில் காய்ந்து சிறு கிண்ணங்களாக இருந்தன. முள்ளம்பன்றி ஒன்று கரையில் வீடு கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர் போன பிறகும் போகாமல் இருந்தது.

இதில் கிடக்கும் பந்தை அடிக்கவும் ஒழுங்கு இருக்கிறது. அடிப்பதற்கு முன்னால் கோலால் தரையைத் தொடக் கூடாது; தொட்டால் தண்டனையாக இரண்டு அடி கூடும். பந்துக்கு முன்னால் கல் கிடந்தால் கல்லை எடுக்கக் கூடாது. காய்ந்த இலையைக்கூட நகர்த்தக் கூடாது. கிளப் சுவரில் இவை சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. அந்தக் கற்களுக்கு இருந்த பாதுகாப்பு இந்த நாட்டில் எத்தனை பேருக்கு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தைப் பார்த்தேன். வாப்பா அனுப்பியது சலித்த மணல். அது ஓடிப்போனதற்குக் காரணம், குழியிலிருந்து தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டத் தெரியாத துரை. ஆனால் துரையின் பெயரை யாரும் எந்தக் குழிக்கும் வைக்கவில்லை.

கிளப் தலைவர் இராசமாணிக்கத்திடம் போனேன். அவர் அந்தத் தோட்டத்தின் முதல் தமிழ்த் துரை. முந்திய துரை விட்டுப்போன பங்களாவோடு, அவருடைய நடையையும் முழங்கால் காலுறையையும் எடுத்துக்கொண்டவர்.

"மிஸ்டர் பதுர்தீன், பேர எடுக்கிறது லேசான காரியமா? அது ஹிஸ்டரி."

"அப்ப அந்த ஹிஸ்டரிக்குக் கொஞ்சம் மணலாவது போடுங்க."

"மணல் எதுக்குங்க? முப்பது வருஷமா இல்லாமத்தான இந்தக் கிளப் ஆடுது. எங்களுக்குப் பழகிப்போச்சு."

அது உண்மைதான். மணலில் இறங்கி அடிப்பதற்கென்றே அடி தடித்த இரும்புக் கோல் ஒன்று உண்டு. அதை அந்தக் களிமண்ணில் போட்டால் துள்ளி எழும்பிப் பந்தின் மண்டையில் அடிக்கும்; பந்து கொடியைத் தாண்டி மாட்டுப்பட்டி வரைக்கும் போகும். ஆகவே அங்கத்தவர்கள் அந்தக் கோலைப் பையில் அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, துளைக்குப் பக்கத்தில் பந்தை மெல்ல உருட்டும் தட்டைக் கோலால், கற்களுக்கிடையில் வழி பார்த்து, தாழ்ந்த கரை வழியாக உருட்டி வெளியேற்றினார்கள். தரையைக் கழுவித் தள்ளும் வேலைக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. செல்லையா எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தான். ஆறு மாதத்தில் நானும் வாப்பாவின் பெயரிலிருந்து இரண்டு அடியில் வெளியே வரப் பழகிவிட்டேன். யாருக்கும் பெருமையில்லாத பழக்கம்.

இப்படியே விட்டிருப்பேனோ என்னவோ. 1962 பெப்ரவரியில் சாலிஹ் கடிதம் எழுதினார். அவர் நுவரெலியாவில் கோல்ப் பழகிவிட்டாராம். மார்ச்சில் எங்கள் கிளப்பின் தலைவர் தினப் போட்டிக்கு விருந்தினராக வருகிறாராம். 'உங்கள் வாப்பாவின் பெயர் வைத்த இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும்' என்று முடித்திருந்தார்.

என் மனைவி ஸுபைதாவுக்கு மகிழ்ச்சி.

"சம்பந்திய கூட்டிக்கொண்டு போய் மாமாட எடத்த நல்லாக் காட்டுங்க. அவர்ட ஊட்டு ஆக்கள் ஹஜ்ஜுப் பெருமை பேசி எனக்குக் காது புளிச்சிப் போச்சு."

"காட்டத்தான் போறேன்."

"அப்ப ஏன் மொகம் இப்பிடி ஈக்கு?"

"வெயில்," என்றேன்.

மறுநாள் இராசமாணிக்கத்திடம் மறுபடி போனேன். என் பொறுப்பில் மணல் போட்டுத் தருகிறேன் என்றேன். மற்றவன் பொறுப்பில் நடக்கும் எதையும் அவர் எதிர்த்ததில்லை. அந்த இடத்திலேயே அனுமதி கிடைத்தது.

இரண்டு வாரம் அந்த வேலையில் நின்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். கற்களை எடுத்தோம், மானாவை வேரோடு பிடுங்கினோம், முள்ளம்பன்றிக்கு வேறு ஊர் காட்டினோம். களியை இடுப்பளவு வெட்டி எடுத்து, துரைக்குத் தோன்றாத அந்தக் கானை வெட்டினோம். பிறகு சுதுகங்கை மணல் லொறி லொறியாக வந்தது. அதை இரண்டு தரம் சலிக்கச் சொன்னேன். சோற்றில் விழுந்தாலும் பல்லில் தட்டாத மணல்.

இரண்டாவது லொறி கொட்டியதும் செல்லையா கையைக் காட்டி நிறுத்தினான்.

"போதுங்க முதலாளி. நாலு இஞ்சு இருந்தாப் போதும். அதுக்கு மேல போட்டா பந்து அமுங்கிப் போகும்."

"எங்கட கடையில கொத்தை வழிச்சு அளந்து நீ கண்டிருக்கியா?"

"இல்லீங்க."

"அப்ப?"

எங்கள் கடையில் அரிசி வாங்கிய எவரும் இதற்குச் சாட்சி. கொத்து என்னும் அளவுப் படியின் வாயில் கோலை வைத்து வழித்துவிடுவது மற்றக் கடைகளின் வழக்கம். நாங்கள் குவித்து அளப்போம், சிந்தியதும் வாங்குபவருக்கு. வாப்பா அப்படி அளந்தார், அவருடைய வாப்பாவும் அப்படி அளந்தார். அவர் பெயருள்ள இடத்தில் நான் அங்குலம் பார்த்து மணல் போட முடியாது.

"இது அரிசி இல்லீங்க முதலாளி," என்றான் செல்லையா. "இதுக்குள்ள எறங்கி அடிக்கணும்."

நான் மூன்றாவது லொறிக்குக் கை காட்டினேன். அதற்குப் பிறகு நான்காவதும் ஐந்தாவதும் வந்தன. வேலை முடிந்தபோது மணல் முழங்காலுக்கு வந்தது. வாரி சமப்படுத்திவிட்டுப் பார்த்தால், பெருநாள் காலையில் விரித்த வெள்ளைப் படங்கு போல இருந்தது. எனக்குத் திருப்தி. செல்லையா ஒரு கோலை மணலில் செருகி, அது எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தான்.

தலைவர் தினத்தன்று சாலிஹ் புதுச் சப்பாத்தும் சதுரக் கட்டம் போட்ட தொப்பியுமாக வந்திறங்கினார். இராசமாணிக்கம், சாலிஹ், நான், மூவரும் ஒரே அணியில் ஆடினோம். எனக்குச் செல்லையா பை சுமந்தான். ஏழாவது துளை நெருங்க நெருங்க சாலிஹ் அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அடுத்ததா சம்பந்தி?"

"அடுத்தது."

முதலில் அடித்தவர் இராசமாணிக்கம். பந்து உயர எழுந்து, வெள்ளை மணலின் நடுவில் சத்தமில்லாமல் இறங்கியது. போய்ப் பார்த்தால் பந்தின் உச்சி மட்டும் தெரிந்தது. அவர் வழக்கம் போலத் தட்டைக் கோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் காலுறை மறைந்தது. உருட்டினார். பந்து உருளவில்லை; இன்னும் ஒரு விரல் உள்ளே போனது. மறுபடி உருட்டினார். பிறகு உருட்டுவதை விட்டு வெட்டினார். கடைசியில் அந்த அலங்காரக் கோலைக் கேட்டு வாங்கினார். முந்திய துரையிடமிருந்து வந்த, முப்பது வருடம் தூங்கிய கோல், அதற்கும் ஒன்றும் ஞாபகமில்லை. ஒன்பதாவது அடியில் பந்து வெளியே வந்தது. பெரிய துரையைவிட ஓர் அடி நல்ல ஆட்டம் என்று சொல்லலாம். நான் சொல்லவில்லை.

அதற்குள் சாலிஹின் பந்தும் உள்ளே போயிருந்தது. அவர் நுவரெலியாவில் பழகியவர்; சரியான கோலை எடுத்தார், காலை அகட்டி ஊன்றினார், பந்துக்குப் பின்னால் மணலில் அடித்தார். மணல் எழுந்தது. அவர் தொப்பியில் விழுந்தது, கழுத்துக்குள் விழுந்தது, திறந்திருந்த வாயில் விழுந்தது. பந்து அசையவில்லை. பதினொன்றாவது அடியில் கரையேறியபோது, புதுச் சப்பாத்தில் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. செல்லையா தோண்டி எடுத்துக் கொடுத்தான்.

"இது என்ன எடம் சம்பந்தி?" என்றார், துப்பிக்கொண்டே.

நான் வாயைத் திறப்பதற்குள் இராசமாணிக்கம் கைக்குட்டையால் காதைத் துடைத்தபடி பதில் சொன்னார். "இதுதாங்க கலந்தர். வெள்ளக்காரன் வச்ச பேரு. முன்னயெல்லாம் கல்லுதான். இப்ப மிஸ்டர் பதுர்தீன் புண்ணியத்துல இப்படி."

சாலிஹ் என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எங்கள் முன் மண்டபத்தில் பார்த்த அதே பார்வையை இப்போது திருப்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்தது என் பந்து. அதுவும் உள்ளேதான் கிடந்தது.

சாலிஹ் கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "அடிங்க சம்பந்தி. நான் எண்ணுறேன்."

செல்லையா அடி தடித்த கோலை என் கையில் வைத்தான். "பந்தப் பார்க்காதீங்க, பின்னால மணலப் பாருங்க. பயப்படாம போடுங்க," என்றான் காதுக்குள்.

நான் அதுவரை பழகியது களிமண்ணில் உருட்ட. அந்தத் திடலில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ஒரே வித்தையை நானே ஐந்து லொறி கொண்டு மூடியிருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. சாலிஹ் தெளிவாக எண்ணினார். கடையில் முழம் போடும் குரல். நான்காவது அடிக்குக் கோலை ஓங்கும் முன் அதன் நுனி மணலைத் தொட்டது. ஒரு மயிரிழை. நான் குனிந்து நின்றிருந்தேன். என் முதுகு மறைத்திருந்தது.

"ரெண்டு அடி கூட்டிக்கொள்ளுங்க," என்றேன். "கோல் மணல்ல பட்டுட்டது."

"நான் காணல்லயே."

"நான் கண்டேன்."

சாலிஹ் இரண்டு விரலை மடக்கிக்கொண்டார். பிறகு எண்ணத் தொடங்கினார், முன்பை விடத் தணிந்த குரலில். கூட்டிய இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டாவதில் பந்து வெளியே போனது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் சாலிஹைவிட ஓர் அடி குறைவு. வாப்பாவின் பெயரை மீட்க வந்த மகன் என்ற வகையில், அன்று அந்தப் பெயருக்குள் எல்லாரையும்விட அதிக நேரம் இருந்தவன் நான்தான்.

எட்டாவது துளைக்கு ஏறும்போது சாலிஹ் என் பக்கத்தில் நடந்தார்.

"அந்தச் சட்டத்துக்குள்ள ஈக்கிறது இதுதானா?"

"இதுதான்."

"இதக் காட்டித்தானே எங்கட மகள எடுத்தீங்க."

"ஓம். அப்ப எனக்கும் தெரியாது."

பத்தடி போனோம். சப்பாத்துக்குள்ளிருந்து மணல் கொட்டுவதற்காக நின்றார்.

"என்ட பதினொண்ட அட்டையில எழுதத்தான் வேணுமா?"

"எழுதத்தான் வேணும்."

"ம். எழுதுங்க." மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். "ஆனா கண்டிக்குப் போய் நான் என்னத்தச் செல்ற? நாலு ஹாஜிமாருக்கு முன்னால பதினொண்டு எண்டு செல்லவா? நீங்களும் உங்கட ஊட்டுல செல்லாதீங்க, நானும் எங்கட ஊட்டுல செல்லல்ல."

அன்று பகல் எங்கள் வீட்டில் புரியாணி. ஸுபைதா கதவுக்குப் பின்னாலிருந்து, மாமாவின் இடம் எப்படி என்று கேட்டாள். சாலிஹ் சட்டத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பெரிய எடம்தான்," என்று சொல்லி இறைச்சியைத் தட்டில் போட்டுக்கொண்டார். அவருக்கு நான் கொடுத்த மரியாதை அன்றிலிருந்து ஒரு பங்கு கூடியது.

மறு வாரம் கிளப்பில் கூட்டம் கூடினார்கள். தலைவர் தினத்தில் ஆடிய இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் அந்த மணலில் இறங்கியிருந்தார்கள். நான்கு பேர் பாதியிலேயே பந்தைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இராசமாணிக்கம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னிடம் மிகவும் இனிமையாகப் பேசினார்.

"மிஸ்டர் பதுர்தீன், யோசிச்சுப் பார்த்தோம். நீங்க கேட்டது நியாயம்தான். அந்தப் பேர எடுத்துடுறோம். புது அட்டை அடிக்கப் போறோம், அதுல வேற பேரு போட்டுக்கலாம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். அந்த மணலக் கொஞ்சம் அள்ளிட்டுப் போயிடுங்க."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

"அடியில பழைய களி வரைக்குமா?"

"அதாங்க எங்களுக்குப் பழக்கம்."

சில மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அங்கே உட்கார்ந்து யோசித்தேன். முப்பது வருடமாக இங்கே என் வாப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டியது கல்லையும் களியையும். அவை கிளப்பின் சொத்து; வாப்பா கொடுத்ததல்ல. இப்போது அங்கே இருப்பது எங்கள் வீட்டு மணல். சலித்தது, குவித்து அளந்தது, ஒரு கல் இல்லாதது. இனி அதில் இறங்குபவன் என்ன சொல்லித் திட்டினாலும், திட்ட வேண்டியது தன் கையைத்தான் என்று அவனுக்கே தெரியும். எனக்கும் தெரியும், பன்னிரண்டு அடி அடித்தவன் நான்.

"பேரு இருக்கட்டும்," என்றேன்.

"நீங்கதான எடுக்கச் சொன்னீங்க."

"அப்ப அது உங்கட குழி. இப்ப எங்கட மணல். பேரும் எங்கட பேராவே இருக்கட்டும். ரெண்டும் வேணாமெண்டா லொறி கொண்டுவந்து நீங்களே அள்ளுங்க."

லொறி கொண்டுவர யாரும் முன்வரவில்லை. தம் பொறுப்பில் எதையும் செய்யாத பழக்கம் அவர்களைக் காப்பாற்றாத ஒரே நாள் அது. புது அட்டை ஏப்ரலில் வந்தது. ஆறாவது பலாமரம், ஏழாவது கலந்தர், எட்டாவது மாட்டுப்பட்டி. அதையும் சட்டம் போட்டுப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டினேன். ஸுபைதா, ஒன்றே போதாதா என்றாள். போதாது என்றேன்.

வியாழக்கிழமைகளில் காலையிலேயே போய் அதற்குள் இறங்கிப் பழகுகிறேன். மற்ற அங்கத்தவர்களும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடி தடித்த கோல்களுக்குத் துருத் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். சாலிஹ் மாதம் ஒரு முறை கண்டியிலிருந்து வருகிறார். மகளைப் பார்க்க என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார். கடைசியாக வந்தபோது நான்கு அடி அடித்தார். நான் ஐந்து.

போன வியாழன் செல்லையா கரையில் நின்று வானத்தைப் பார்த்தான். மலைப்பக்கம் கறுத்திருந்தது.

"முதலாளி, மழைக்கு முன்னால ஒரு அடி வழிச்சு எடுத்துடவா? நாலு இஞ்சு இருந்தா எல்லாருக்கும் லேசு. முதலாளிக்கும்தான்."

"கான் வேலை செய்யுதா?"

"அதெல்லாம் நல்லா ஓடுதுங்க."

"அப்ப வழிக்க வேணாம்," என்றேன். "மழைக்கு முன்னால இன்னும் ரெண்டு லொறி வரட்டும்."